கழுத்து வலுவானால் தலை தப்புமா? கபடி, காற்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு

பெம்பான், ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளின் ஆட்டங்கள் எவை என்று கேட்டால் காற்பந்தும் கபடியும்தான் முதலில் வரும். 2019-ஆம் ஆண்டு ஜூலையில் உலகக் கிண்ணக் கபடிப் போட்டியே மலாக்காவில் நடந்தது. இந்த ஆட்டங்களுக்குப் போகும் பிள்ளையின் பையில் முட்டிக்கவசம் இருக்கும், கணுக்காலுக்குச் சுற்றும் பட்டை இருக்கும். தலைக்கு என்று எதுவும் இருக்காது. தலையில் அடி பட்டால் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி, நெற்றியில் கோடாலித் தைலம் தடவி, "ஒன்னும் இல்லடா, போ, ஆடு" என்று அனுப்பிவிடுவதே பல திடல்களில் வழக்கம்.

தலையில் விழும் அடியின் பாதிப்பைக் கழுத்துப் பயிற்சியால் குறைக்க முடியும் என்ற பேச்சு கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளாக விளையாட்டு மருத்துவத்தில் வலுத்து வருகிறது. அதற்குக் காசு செலவில்லை, கருவி தேவையில்லை. ஆனால் அது எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் பெற்றோரும் பயிற்றுநரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளை அதிர்வு என்பது என்ன?

டாக்டர்கள் 'கன்கஷன்' என்று சொல்வதைத் தமிழில் மூளை அதிர்வு எனலாம். மண்டை உடைந்திருக்காது, ரத்தம் வந்திருக்காது, ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் மூளை சில நாட்களுக்கு, சிலருக்குச் சில வாரங்களுக்கு, சரியாக வேலை செய்யாது. தலைவலி, மயக்கம் வருவது போன்ற உணர்வு, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போவது, மறதி, எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் இதன் அடையாளங்கள். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூளை அதிர்வு கண்டவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

கிண்ணத்தில் உறைந்த தயிரை எண்ணிக்கொள்ளலாம். கிண்ணத்தை மேசையில் நேராக நகர்த்தினால் தயிருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. சட்டென்று திருப்பி நிறுத்தினால் உள்ளே பிளவு விழும். மூளையும் அப்படித்தான். தலை நேர்க்கோட்டில் இடிபடுவதைவிட, அடியின் வேகத்தில் வெடுக்கென்று திரும்புவதே அதிகக் கேடு செய்கிறது. அதனால் தலையில் நேரடியாக அடி படாமலே, மார்பில் பலமான மோதல் பட்டுத் தலை பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தாலும் மூளை அதிர்வு வரலாம்.

இங்கேதான் கழுத்து வருகிறது. வளர்ந்த ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ, அதாவது கடையில் வாங்கும் சிறிய அரிசிப் பையின் எடை. அதைத் தாங்கித் திருப்புவது கழுத்தின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கத் தசைகளும் தோளுக்கு இறங்கும் பெரிய தசையும். இந்தத் தசைகள் இறுகி நின்றால் தலையும் உடம்பும் ஒரே கட்டையாகி, அடியின் வேகம் முழு உடம்புக்கும் பகிரப்படும். தளர்ந்திருந்தால் அந்த வேகத்தைத் தலை மட்டுமே வாங்கிக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்கு உடம்பை ஒப்பிடத் தலை பெரிது, கழுத்தோ மெலிது. பெரியவர்களைவிட அவர்களைப் பற்றி அதிகம் கவலைப்படக் காரணம் இதுதான்.

கழுத்தைப் பழக்குவது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வட இந்தியக் குஸ்திக் களங்களில் கல் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்டால், பைட்டக் எடுப்பது பழைய வழக்கம். கார்ப் பந்தயத்தில் கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 களத்தில் இறங்கிச் செப்பாங்கிலும் ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் வளைவுகளில் தலையும் தலைக்கவசமும் பல மடங்கு எடையாகிப் பக்கவாட்டில் இழுக்கும். அதனால் கழுத்துப் பயிற்சி இல்லாமல் அந்த இருக்கையில் யாரும் உட்காரவே முடியாது. கபடிக்காரர்களுக்கும் காற்பந்துக்காரர்களுக்கும்தான் இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆய்வுகள் சொல்வது

அதிகம் பேசப்படும் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது, 2014-இல் வெளிவந்தது. காற்பந்து, கூடைப்பந்து, லக்ரோஸ் ஆடும் 6,704 இடைநிலைப்பள்ளி மாணவர்களின் கழுத்தை முன்கூட்டியே அளந்து, பிறகு யாருக்கெல்லாம் மூளை அதிர்வு வந்தது என்று தொடர்ந்து பார்த்தார்கள். மூளை அதிர்வு கண்டவர்களின் கழுத்து சராசரியாகச் சிறியதாகவும் வலுக் குறைந்ததாகவும் இருந்தது. கழுத்தின் வலு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடினாலே, மூளை அதிர்வு வரும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைந்தது என்று கணக்கிட்டார்கள்.

இந்த 5 விழுக்காட்டைப் பார்த்துவிட்டு உடனே துள்ளக் கூடாது. வலுவான கழுத்து உள்ளவர்களுக்கு அடி குறைவு என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது. பயிற்சி செய்து கழுத்தை வலுவாக்கியவர்களுக்கு அடி குறைந்ததா என்பது வேறு கேள்வி. ஆட்டத்தில் கெட்டிக்காரராக இருப்பவருக்குக் கழுத்தும் வலுவாக இருக்கலாம், அடியைத் தவிர்க்கவும் தெரிந்திருக்கலாம். கழுத்து வலுவுக்கும் மூளை அதிர்வுக்கும் தொடர்பே காணாத ஆய்வுகளும் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு நெருங்கிய பதில் ரக்பியில் இருந்து வந்தது. இங்கிலாந்து ரக்பி சங்கமும் பாத் பல்கலைக்கழகமும் சேர்ந்து 'ஆக்டிவேட்' என்ற ஆட்டத்துக்கு முந்திய பயிற்சித் திட்டத்தை உருவாக்கின. ஓட்டம், திசை திருப்பல், சமநிலை, கால் கை வலு, குதித்து இறங்குதல் ஆகியவற்றோடு கழுத்துப் பயிற்சியும் அதில் உண்டு. 40 பள்ளிகள் பங்கேற்ற ஆய்வில், வாரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ இதைச் செய்த குழுக்களில் மூளை அதிர்வு 59 விழுக்காடு குறைந்தது. பெரியவர்களின் 81 மன்றங்களில் செய்த ஆய்விலும் ஏறக்குறைய அதே அளவு, 60 விழுக்காடு, குறைவு தெரிந்தது.

பள்ளி ஆய்வில் கவனிக்க வேண்டியது அந்த 'வாரத்தில் மூன்று முறை' என்ற சொல்தான். எப்போதாவது செய்த பள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் பலன் வெகுவாகச் சிறுத்துவிடுகிறது. போட்டிக்கு முந்திய வாரம் மட்டும் திடலில் கூடும் குழுவுக்கு இதனால் ஆகப்போவது அதிகம் இல்லை. மேலும், அந்தத் திட்டத்தில் கழுத்துப் பயிற்சி ஒரு பங்குதான். பலன் கழுத்தால் வந்ததா, சமநிலையால் வந்ததா, எல்லாம் சேர்ந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே கழுத்தை மட்டும் தனியாகப் பழக்குவதைவிட, முழுப் பயிற்சியில் கழுத்தையும் சேர்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பெண்களின் கழுத்து வலு ஆண்களைவிட 49 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரே அளவு இழுவிசைக்கு அவர்களின் தலை அதிக வேகத்தில் அசைந்தது. ஆண், பெண் இருபாலரும் ஆடும் காற்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பெண்களுக்கு மூளை அதிர்வு அதிகம் பதிவாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் நம் பள்ளிகளில் உடல் வலுப் பயிற்சி என்றால் பையன்களுக்கு மட்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. கபடி ஆடும் பெண் பிள்ளைகளுக்குத்தான் இது முதலில் போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. தலை அடிபட்டு உலுங்குவது விநாடியின் நூறில் ஓரிரு பங்குக்குள் முடிந்துவிடும். கழுத்துத் தசை விழித்து இறுக அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். எதிர்பாராமல் பின்னால் இருந்து வரும் முழங்கைக்கு எவ்வளவு பெரிய கழுத்தும் உடனே பதில் சொல்லாது. அடி வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளும்போதுதான் தலையின் அசைவு நன்றாகக் குறைகிறது. ஆகவே கண் திறந்து சுற்றிலும் பார்த்து ஆடுவதும் கழுத்துப் பயிற்சியின் பாதிதான்.

திடலில் செய்யக்கூடியவை

தொடக்கத்துக்கு ஒரு கையும் ஒரு துண்டும் போதும். நேராக நின்று அல்லது உட்கார்ந்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். கை தலையைப் பின்னுக்குத் தள்ள, தலை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். ஐந்து முதல் பத்து விநாடி அப்படியே. பிறகு கையைப் பின்மண்டையில் வைத்து, அடுத்து வலப் பக்கம், இடப் பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஐந்து முறை. முதல் இரண்டு வாரம் பாதிப் பலத்தோடு தள்ளினால் போதும். மூச்சை அடக்கக் கூடாது. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் மூச்சு தானாக வந்துபோகும். கபடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே தேவையில்லை.

இது பழகிய பிறகு இருவராகச் செய்யலாம். ஒருவர் கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, முதுகும் கழுத்தும் ஒரே நேராக இருக்கும்படி நிற்க, மற்றவர் தலையின் நான்கு பக்கமும் மெதுவாக, மாறி மாறித் தள்ளுவார். எந்தப் பக்கம் தள்ளப்போகிறார் என்று சொல்லாமல் தள்ளுவது அடுத்த கட்டம். தசை சட்டென்று விழித்துக்கொள்ளப் பழகுவது அப்போதுதான். ஆனால் தள்ளுபவர் விளையாட்டுத்தனம் காட்டாதவராக இருக்க வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களை ஒருவர் தலையை ஒருவர் பிடிக்க விட்டுவிட்டு, பயிற்றுநர் போன் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை இது இல்லை.

துண்டைப் பின்மண்டையில் சுற்றி இரு முனைகளையும் முன்னால் பிடித்து இழுத்துக்கொண்டு, தலையை அசைக்காமல் எதிர்ப்பது இன்னொரு வகை. மல்லாந்து படுத்து, தாடையை உள்ளே இழுத்து, தலையைத் தரையிலிருந்து இரண்டு விரல் அளவு தூக்கிப் பத்து விநாடி நிறுத்துவது முன்கழுத்தின் உள்தசைகளுக்கு. செய்து பார்த்தால்தான் இது எவ்வளவு கடினம் என்பது தெரியும். தோளுக்கு, 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தோளைக் காது வரை தூக்கி மெதுவாக இறக்கலாம். பழைய மோட்டார் டியூப்பைக் கோல் கம்பத்தில் கட்டி, முழங்கையை மடக்கிப் பின்னுக்கு இழுப்பது மேல்முதுகுக்கு. எல்லாம் சேர்ந்து ஐந்தாறு நிமிடம்; வழக்கமான ஓட்டம், நீட்டல் பயிற்சியோடு சேர்த்தால் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாரத்தில் மூன்று நாள்.

செம்பனைத் தோட்டத்தில் நீண்ட கம்பியால் குலை அறுப்பவர்கள் நாள் முழுதும் அண்ணாந்து பார்ப்பதால் கழுத்து உறுதியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. ஒரே பக்கம் வளைத்து நிற்பதால் வருவது பெரும்பாலும் வலியும் பிடிப்பும்தான். மாலையில் ஆட வருபவர் அந்த வலியோடு கழுத்துப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

மல்யுத்தக்காரர்கள் செய்வதைப் போல உச்சந்தலையை ஊன்றி உடம்பைப் பாலமாகத் தூக்குவதைப் பிள்ளைகள் யூடியூப் பார்த்துச் செய்யக் கூடாது. கழுத்து எலும்பில் முழுப் பாரமும் விழும். தலையை வேகமாக வட்டமாகச் சுழற்றுவதும் வேண்டாம். பயிற்சியின்போது கையில் மரத்துப்போவது, சுருக்கென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, தலைசுற்றல் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். முன்பு கழுத்தில் அடி பட்டவர்களும் டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

முடி வெட்டும் கடையில் தலையை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதும் இங்கே சேரும். சுகமாக இருக்கிறது என்பார்கள். ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக ஏறுகிறது. முறுக்கலில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. தலையில் அடி பட்ட பிள்ளையைச் சுளுக்கு எடுக்கக் கூட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம்.

தலையைக் கீழே போடாமல் பிடிப்பது

கபடியில் தலை எங்கே அடிபடுகிறது என்று பார்த்தால், ரைடரின் முழங்காலிலும் தன் அணிக்காரரின் தலையிலும்தான். கணுக்காலைப் பிடிக்கப் பாய்பவர் கண்ணைத் தரையில் வைத்துப் பாய்ந்தால் உச்சந்தலை முன்னே போகும். அந்த நிலையில் கழுத்துத் தசைகளால் எதுவும் செய்ய முடியாது. தாடை சற்றே உயர்ந்து, கண் ரைடரின் இடுப்பில் இருந்து, தலை அவர் காலுக்கு வெளிப்பக்கம் போகும்படி பாய்வதைத் தொடக்கத்தில் மெதுவாக நடந்தே பழக்கலாம். இருவர் கை கோத்துச் சங்கிலியாக ஓடும்போது யார் உள்ளே போவது, யார் வெளியே சுற்றுவது என்று முன்பே பேசி வைக்காவிட்டால் இரண்டு மண்டைகள் மோதும்.

காற்பந்தில் தலையால் முட்டும்போது வரும் மூளை அதிர்வு பெரும்பாலும் பந்தால் வருவதில்லை. உயரக் குதிக்கும் இருவரின் தலையும் முழங்கையும் மோதுவதால் வருகிறது. அமெரிக்கக் காற்பந்துச் சங்கம் 2015-இல் 10 வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டுவதையே தடை செய்தது. இங்கிலாந்து 2020-இல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியில் அதை நிறுத்தியது. தமிழ்ப்பள்ளிக் குழுக்களும் அதைப் பின்பற்றினால் இழப்பு ஒன்றும் இல்லை.

தலைக்கவசம் வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. மெத்தைத் தொப்பி வெட்டுக்காயத்தைத் தடுக்கும். உள்ளே மூளை திரும்புவதை அது நிறுத்துவதாக நல்ல சான்று இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் குத்துச்சண்டை தலைக்கவசம் இல்லாமலேதான் நடந்தது.

அடி பட்ட பிறகு

கழுத்து எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சில அடிகள் மூளையை எட்டத்தான் செய்யும். அப்போது பிள்ளையைக் காப்பது பயிற்சி அல்ல. அவனை வெளியே எடுக்கும் பெரியவரின் முடிவு.

2011-இல் வட அயர்லாந்தில் ஒரு பள்ளி ரக்பி ஆட்டத்தில் 14 வயது மாணவர் ஒருவர் தலையில் அடி பட்டும் தொடர்ந்து ஆடினார். மீண்டும் அடி பட்டது. ஆட்டம் முடியும் நேரத்தில் திடலிலேயே சரிந்து விழுந்தவர் இரண்டு நாளில் இறந்தார். முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கக்கூடும். இது அரிது, ஆனால் வந்தால் காப்பாற்றுவது கடினம். இது பெரும்பாலும் இளம் வயதினருக்கே வருகிறது.

சந்தேகம் வந்தால் திடலோரத்தில் கேட்க எளிய கேள்விகளை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வகுத்தார்கள். நம் வழக்கில் அவை இப்படி இருக்கும்: "தம்பி, இப்ப எந்தத் திடல்ல ஆடுறோம்? இது முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசியா பாயிண்டு எடுத்தது யாரு? போன வாரம் யாரோட ஆடுனோம்? அதுல ஜெயிச்சோமா?" ஒன்றுக்குத் தடுமாறினாலும் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லி, ஆனால் தலை வலிக்கிறது என்றாலோ நடை தள்ளாடினாலோ அப்போதும் முடிந்தது. கால்மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத் திரும்ப இறக்குவது கூடாது. காற்பந்து விதிகளில் மூளை அதிர்வுக்கென்றே கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்க 2024 முதல் இடம் கொடுத்துவிட்டார்கள். தோட்டக் கிண்ணப் போட்டிகளிலும் ஏற்பாட்டாளர்கள் இதை விதியாக எழுதி வைத்தால், ஆள் குறையும் என்ற சாக்கு போய்விடும்.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 999. கழுத்து வலிக்கிறது, கை மரத்துவிட்டது என்றால் பிள்ளையைத் தூக்கி மோட்டாரில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகக் கூடாது. தலையை அசையாமல் பிடித்தபடி ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டும். மற்றபடி அடையாளம் லேசாக இருந்தாலும் அன்றே ஜாசின் மருத்துவமனையிலோ அருகிலுள்ள கிளினிக்கிலோ காட்டிவிடுவது நல்லது. முதல் இரவு வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். டாக்டர் பார்த்து அனுப்பிய பிறகு தூங்கவே விடக் கூடாது என்பது பழைய நம்பிக்கை, தூங்கலாம். வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்கக் கூடாது.

திரும்பி வருவதற்கும் ஒரு வரிசை உண்டு. ஒன்றிரண்டு நாள் ஓய்வு. இருட்டறையில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டுக்குள் நடமாடலாம், போன் திரையை மட்டும் குறைக்க வேண்டும். பிறகு நடை, மெது ஓட்டம், தனியாக ரைடு பழகுவது, பிடி இல்லாத பயிற்சி. டாக்டர் சம்மதம் தந்த பிறகே பிடியோடு பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். ஊர் மட்ட ஆட்டக்காரர்கள் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்ப வேண்டாம் என்று உலக ரக்பி அமைப்பு சொல்கிறது. கபடிக்கும் அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப்பாடம் ஆட்டத்துக்கு முன் சரியாக வேண்டும்: எஸ்.பி.எம். ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு வகுப்பில் கவனம் நிற்கவில்லை, படித்தால் தலை வலிக்கிறது என்றால் திடலுக்கு நாள் வரவில்லை என்று பொருள். அடி பட்ட தேதியைப் பயிற்றுநர் ஒரு நோட்டில் எழுதி, வகுப்பாசிரியருக்கும் சொல்லி வைத்தால், அடுத்த வாரம் வேறு குழுவுக்கு ஆடப் போகும் பிள்ளையையும் தடுக்க முடியும்.